லாரி வருவதற்கு முந்திய நான்கு நிமிடம்

நான் எட்டாவது வரை படித்தவன். வேலை லஸ்கர், மதகுக் காவல். வெண்ணாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் தலைப்பில் மூன்று ஷட்டர்கள் இருக்கின்றன. ஆபீஸில் சொல்கிற அளவுக்குத் திறக்க வேண்டும், சொல்கிற அளவுக்கு மூட வேண்டும். காலை ஆறு மணிக்கு அளவுப் பலகையைப் பார்த்துப் போனில் சொல்ல வேண்டும். மேலே ஆற்றுப் பக்கம் நாலடி ரெண்டங்குலம், கீழே வாய்க்கால் பக்கம் ரெண்டடி, ஒன்றும் மூன்றும் திறப்பு, நடு மூடல். அதற்கு மேல் அங்கே யாரும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

இது தவிர எனக்கு இன்னொரு வேலை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜப்பானில் புது அனிமே தொடர்கள் வரும். ஒவ்வொன்றிலும் முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்வேன். அதைக் கேட்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் சொன்னால் நம்ப மாட்டார்கள். அதனால் தெருவில் சொன்னதில்லை.

இது மகளால் வந்தது. எனக்கு ஒரே மகள். கும்பகோணத்தில் ஓவியம் படித்தாள். கொரோனா சமயத்தில் கல்லூரி மூடி வீட்டில் இருந்தபோது நாள் முழுக்கப் போனில் படம் ஓடும். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். முதலில் கார்ட்டூன் என்று நினைத்தேன். ஒரு படத்தில் ஒரு பெண் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். தண்ணீர் குடையின் நுனியில் சேர்ந்து, தரையில் ஒரு கோடாக ஓடி, தாழ்வான பக்கம் திரும்பியது. கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தரை எந்தப் பக்கம் தாழ்வு என்று யோசித்து ஒரு ஆள் வரைந்திருக்கிறான். அன்றிலிருந்து பார்க்கிறேன்.

ஜப்பான் மொழி தெரியாது. கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கவும் வராது. தமிழ் பேசுவதாகவும் இப்போது சில வருகின்றன. அதில் பேச்சைக் கேட்டுக்கொண்டு படத்தை விட்டுவிடுகிறேன். அதனால் பேச்சு புரியாததையே பார்ப்பேன். கதையை மகள் இரண்டு வரியில் சொல்லிவிடுவாள். மீதியை நான் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

படிப்பு முடிந்து அவள் சென்னைக்கு வேலைக்குப் போனாள். வரைகிற வேலைதான். வெளிநாட்டுப் படங்களுக்குப் பின்னணி போட்டுக் கொடுக்கிற சின்ன ஸ்டூடியோ. ஆட்களை அங்கேயே வரைந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் சுவர், மரம், ரோடு, ஆகாயம், இவற்றில் ஒரு பங்கு இங்கே வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் கூடப் படித்த இரண்டு பெண்களும் சேர்ந்து போனில் ஒரு பேச்சு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். அனிமே பற்றித் தமிழில் பேசுவது. ஒருமுறை நான் அனுப்பிய குரல் பதிவை அவள் அதில் போட்டுவிட்டாள். கடலில் இறங்கும் ஒரு ரோபோவைப் பற்றி நான் சொன்னது. "கடல் சரியா இருக்கு. ரோபோக்குக் கனம் இல்ல. கால் வச்ச எடத்துல மண்ணு அமுங்கல." அவ்வளவுதான். கேட்டவர்கள் அந்த ஆள் மறுபடி எப்போது பேசுவார் என்று எழுதினார்களாம். அதிலிருந்து சீசன் தொடங்கினால் நான் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. என்னை ஷட்டர் அப்பா என்கிறார்கள். இருக்கட்டும்.

எனக்கு ஒரு முறை உண்டு. ஒரு தரம்தான் பார்ப்பேன். நடுவில் நிறுத்த மாட்டேன். முடிந்த உடனே பேசிவிடுவேன். அரை நிமிடத்துக்கு மேல் போகாது. அளவுப் பலகையும் அப்படித்தான். பார்த்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து யோசித்துச் சொன்னால் அங்குலம் மாறிவிடும்.

நான் சொல்ல வந்தது ஆடியில் வந்த சீசனைப் பற்றி.

ஆனி கடைசியில் மகள் நான்கு நாள் லீவில் வந்தாள். கண் சிவந்திருந்தது. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து, எங்கள் பக்கம் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஓயாத வேலை. மதியம் சாப்பிட வந்தபோது அவளும் அவள் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மன்னார்குடியில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய டீச்சர் வேலை காலியாக இருந்தது. என் மைத்துனர் பேசி வைத்திருந்தார். ஆடிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஸ்டூடியோவிலும் இரண்டு வருட ஒப்பந்தம் ஆடியோடு முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போடலாம், போடாமல் வரலாம். வந்துவிட வேண்டும் என்பது என் மனைவியின் எண்ணம். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம், கண்ணுக்கும் நல்லது என்றாள்.

மகளுக்கு இரண்டு பக்கமும் இழுத்தது. கண் வலியை அவள் பெரிதாகச் சொல்லவில்லை. தன் வேலை நன்றாக இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்றாள். அங்கே தப்பு என்றால் படத்தில் சிவப்பு வட்டம் போட்டு வருமாம். வட்டம் இல்லாவிட்டால் படம் போய்விடும். நன்றாக இருந்ததால் போனதா, பார்க்க நேரமில்லாமல் விட்டார்களா, தெரியாது. இரண்டு வருடத்தில் ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. தனக்கு வராத வேலையைப் பிடித்துக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்வானேன் என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது.

பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்த சீசன்ல ஒரு தொடர்ல, மொத எபிசோட்லயே என் வேலை வருதுப்பா. எதுன்னு கேக்காதீங்க. வெளில சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க. சொல்லவும் எனக்கு இஷ்டமில்ல. நீங்க எப்பவும் போல சொல்லுங்க. அதைக் கேட்டுட்டு நான் முடிவு பண்ணிக்கறேன்."

"அவரு அரை நிமிஷம் பேசுவாரு," என்றாள் என் மனைவி. "அதை வச்சா முடிவு பண்ணுவ?"

"அந்த அரை நிமிஷத்துல பொய் இருக்காதும்மா."

நான் சரி என்றேன். சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் சென்னைக்குப் போன பிறகு தொடர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்த முறை ஒன்பது. பெயர்கள் என் வாயில் நுழையாது. நானே பெயர் வைத்துக்கொள்வேன். தலைப்பில் ஷட்டர்களை ஒட்டி ஒரு சின்ன ஷெட் இருக்கிறது. கருவிகளும் கிரீஸ் டப்பாவும் ஒரு ஸ்டூலும் போட்டிருக்கும். மதியம் அங்கேதான் பார்ப்பேன்.

முதலில் வாள் கதை. மூன்று பேர் வெட்டுகிறார்கள். ரத்தம் அதிகம், காரணம் குறைவு. பிறகு சமையல்காரன் கதை. சோற்று ஆவி சரியாக இருந்தது. பானையைத் திறக்கிறவன் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டான், அதுவும் சரி. பார்க்கலாம் என்றேன். பேய் வீடு. கதவுகள் நன்றாக இருந்தன, பேய் அவ்வளவு இல்லை. பாட்டுக்காரப் பெண்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஒரே மூக்கு. பந்து விளையாட்டுக் கதை. கத்தல்.

லாரிக் கதைகள் இரண்டு. இது தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இப்போது வரும் அனிமேயில் ஒரு வகை உண்டு. ஒரு வாலிபன் ரோட்டில் போவான். லாரி அடிக்கும். கண் விழித்தால் வேறு உலகம். அங்கே அவன் பெரிய ஆள். எல்லா சீசனிலும் இது இரண்டு மூன்று வந்துவிடும். முதல் லாரி, இரண்டாம் லாரி என்று எண் போட்டு வைத்திருந்தேன். இரண்டுமே வேண்டாம் என்றேன்.

இந்த ஏழும் எப்போதும் போலப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றிலும் இது அவளுடையதா, அது அவளுடையதா என்று கண் தேடியது. ஆனால் சொன்னதில் மாற்றம் இல்லை.

எட்டாவது, வயல் கதை. டவுனில் வேலை பார்த்த ஒரு பெண் தாயார் ஊருக்குத் திரும்பி விவசாயம் செய்ய வருகிறாள். ரயிலை விட்டு இறங்குகிறாள். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். நெல் விளைகிற ஊரில் பிறந்த பெண். வயல் வரைய வேண்டும் என்றால் யாரிடம் கொடுப்பார்கள். இவளிடம்தான் கொடுப்பார்கள். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

வயல் மோசமாக இருந்தது. தண்ணீர் வரப்பின் விளிம்பு வரை நின்றது. நட்டு இரண்டு நாள் ஆன நாற்று நுனி வரை மூழ்கிக் கிடந்தது. அந்தப் பயிர் அழுகிவிடும். வரப்பில் வாமடையே இல்லை. வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் நுழையும் வாயைத்தான் வாமடை என்பது. அது இல்லாமல் அவ்வளவு தண்ணீர் எந்த வழியாக வந்தது? ஜப்பானிலும் தண்ணீர் வழியில்லாமல் வராது. இதை வேறு யார் வரைந்திருந்தாலும் பத்து நொடியில் சொல்லிவிட்டு எழுந்திருப்பேன்.

போனை எடுத்தேன், கீழே வைத்தேன். பிறகு பேசினேன். சரியாக வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி பேசினேன். மூன்றாவது தடவை பேசியதை அனுப்பினேன். பச்சை நல்ல பச்சை என்றேன். ஆகாயம் தண்ணீரில் தெரிவது அழகாக இருக்கிறது என்றேன். வரப்பு நேராகப் போகிறது என்றுகூடச் சொன்னேன்.

அன்றே ஒன்பதாவதையும் பார்த்து முடித்துவிட்டேன். அது மூன்றாவது லாரி. மனம் வயலில் இருந்தது. டீயை ஆற்றிக்கொண்டே பார்த்தேன். ஒரு வாலிபன் சைக்கிளில் வந்தான். எப்போது லாரி வரும் என்று காத்திருந்தேன். நான்கு நிமிடத்தில் வந்தது. வேறு உலகம் போனான். "மூணாவது லாரி. லாரி வர்ற வரைக்கும் நாலு நிமிஷம் வீண். வந்த பெறகும் ஒண்ணும் இல்ல." அனுப்பிவிட்டு ஒன்றாவது ஷட்டரில் சிக்கிய ஆகாயத்தாமரையைத் தள்ளப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் போட்டார்கள். அன்று மகள் பேசவில்லை. திங்கள் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் கூப்பிட்டாள். சாப்பிட்டீர்களா, அம்மா எங்கே என்று கேட்டாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"அந்த வயல் கதை."

"ம்."

"ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு பேசியிருக்கீங்க."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அதுல வாமடை இல்ல. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நாத்து முழுவிக் கெடக்கு. அதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்பறம் ஏன்பா?"

"ஒன்னோடதுன்னு நெனச்சேன்."

அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது.

"என்னோடது இல்ல," என்றாள். "நான் எந்த ஊருன்னு அங்க யாருக்குப்பா தெரியும்? வர்ற ஷாட்டை ஆளுக்கு இத்தனைன்னு பிரிச்சுக் குடுப்பாங்க. வயல் வந்தா வயல். ஆஸ்பத்திரி வந்தா ஆஸ்பத்திரி."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"இப்ப மத்த எட்டையும் நான் எப்படி எடுத்துக்கறது? எதுல பாத்ததைச் சொன்னீங்க, எதுல என்னை நெனச்சுச் சொன்னீங்க, எனக்கு எப்படித் தெரியும்?"

சரி வைக்கிறேன்ப்பா என்று வைத்துவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை நல்ல மழை. காலையில் தலைப்புக்குப் போகாமல் முந்தின நாள் அளவையே போனில் சொல்லிவிட்டேன். ஆற்றில் ஒரு அடி ஏறியிருந்தது. கீழே ஓரிடத்தில் கரை அரித்துவிட்டது. பெரிய சேதம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம், நான் சொன்ன அளவைப் பார்க்க ஆபீஸிலிருந்து இன்னொரு ஆள் சைக்கிளில் வந்தார். நான் சரியாகச் சொன்ன நாட்களிலும் வந்தார். தினமும் எனக்கு முன்னால் குனிந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. மகள் போனை வைத்ததும் அவர் ஞாபகம் வந்தது.

இங்கே பார்த்துச் சரி சொல்ல இன்னொரு ஆள் இல்லை. நானேதான் மறுபடி பார்க்க வேண்டும். ஒன்பதையும் திரும்பப் பார்த்துச் சொல்கிறேன் என்று மகளுக்குச் செய்தி அனுப்பினேன். எழுத்துப் பிழையோடு போயிருக்கும். அவள் சரி என்று மட்டும் பதில் போட்டாள்.

ஒரு தரம்தான் பார்ப்பேன் என்ற முறை அதோடு போயிற்று. தினம் இரண்டு பார்த்தேன். எது அவளுடையது என்று தேடக் கூடாது என்று இருந்தேன். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்க முடிந்தது. வாள் கதை அப்படியே மோசம். சமையல் கதை அப்படியே நன்று. பேய் வீட்டில் நான் நன்றாக இருக்கிறது என்ற கதவு ஒன்று, முதலில் இடப் பக்கம் திறந்து பிறகு வலப் பக்கம் திறந்தது. பந்துக் கதையில் கத்தலைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், மிதிபட்ட புல் ஒவ்வொன்றாக நிமிர்கிறது. அதை முதல் தடவை பார்க்கவில்லை. பாட்டுக்காரப் பெண்களுக்கு மூக்கு மாறவில்லை.

கடைசியாக மூன்றாவது லாரி. மதியம் மனைவி சோறு கொண்டுவந்திருந்தாள். வழக்கமாக நான்தான் வீட்டுக்குப் போவேன். அன்று முறை வைத்துத் தண்ணீர் விடும் நாள், ஆபீஸிலிருந்து எந்த நேரமும் போன் வரும், நகர முடியாது. அவள் தூக்கைத் திறக்க, நான் போனைத் திறந்தேன்.

மழை விட்ட ரோடு. வாலிபன் சைக்கிளில் வருகிறான். ரோட்டை ஒட்டி ஒரு வாய்க்கால். இந்த முறை லாரிக்குக் காத்திருக்கவில்லை. வாய்க்காலைப் பார்த்தேன். சைக்கிள் ஒரு சின்ன மதகைத் தாண்டுகிறது. ஒரே ஷட்டர். அதன் திருகு தண்டு, சக்கரத்துக்கு மேலே இடப் பக்கம் மூன்று விரல் சாய்ந்திருந்தது. சக்கரத்தில் ஆரஞ்சுக் கட்டம் போட்ட துண்டு ஒன்று தொங்கியது.

நிறுத்தினேன். படத்தை நடுவில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

எங்கள் தலைப்பில் நடு ஷட்டரின் தண்டு அப்படித்தான் இருக்கும். ஒரு வெள்ளத்தில் தென்னை மரம் அடித்துக்கொண்டு வந்து மோதி வளைந்தது. திருகுவது கஷ்டம் என்பதால் அதை அதிகம் திறப்பதில்லை. அதனால் என் துண்டை அந்தச் சக்கரத்தில்தான் போடுவேன். ஜப்பானில் வளைந்த தண்டை மாற்றாமல் விட்டு வைப்பார்களா, அதில் யாராவது துண்டு போடுவார்களா, தெரியாது.

போனை மனைவியிடம் நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"நம்ம துண்டு," என்றாள்.

வெளியே திரும்பிச் சக்கரத்தில் கிடந்த துண்டைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். கொடுத்துவிட்டுக் குழம்பை ஊற்றினாள். நான் சாப்பிட்டு முடித்தேன். தூக்கை அடுக்கும்போது சொன்னாள்.

"நல்லா இல்லன்னு சொல்லிடுங்க. வந்துடுவா."

அதையும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்றால் அது பொய். மகள் வீட்டில் இருந்தால் எனக்கும் நல்லதுதான். ஏற்கெனவே வீண் என்று சொல்லியாகிவிட்டது. அதையே மறுபடி சொல்ல வேண்டியதுதான். யாருக்கும் தெரியாது. என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

தூக்கை மனைவி கையில் கொடுத்தேன். அவள் கரையோடு நடந்து போனாள். மறுபடி படத்தைப் போட்டேன். நான்கு நிமிடத்தை மூன்று தடவை பார்த்தேன். மூன்றாம் தடவை தண்ணீர் உறுத்தியது. வெளியே போய் எங்கள் மூன்றாவது ஷட்டர் மேல் நின்று கீழே பார்த்தேன். திரும்பி வந்து படத்தைப் பார்த்தேன். பிறகு பேசினேன். ஒரே தடவைதான் பேசினேன்.

"லாரி மூணு. முன்னாடி நாலு நிமிஷம் வீண்னு சொன்னேன். அது பாக்காம சொன்னது. அந்த நாலு நிமிஷம்தான் இதுல பாக்க வேண்டியது. மழை விட்ட ரோடு நல்லா இருக்கு. ஷட்டர் சரி. தண்டு வளைஞ்சிருக்கு, வளைவும் சரி. தண்ணி தப்பு. கீழ மட்டம் எறங்கிக் கெடக்கறப்ப ஷட்டரை விட்டு வந்த ஒடனே நுரைக்காது. கண்ணாடி மாதிரி வழுக்கி வந்து நாலடி தள்ளிதான் கொதிக்கும். வரைஞ்சவங்க ஷட்டரைப் பாத்திருக்காங்க. தண்ணியைப் பாக்கல. லாரி வந்ததும் மூடிடலாம்."

வயல் கதைக்கும் சொன்னேன். வாமடை இல்லை, நாற்று அழுகும், முன்னால் நன்றாக இருக்கிறது என்றது பொய் என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று சொல்லவில்லை. அது ஊருக்குத் தேவையில்லை.

அடுத்த ஞாயிறு ஒன்பதையும் போட்டார்கள். ஷட்டர் அப்பா மாற்றிப் பேசுகிறார், வயசாகிவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தாராம். மகளின் தோழி ஒருத்தி படித்துக் காட்டிச் சிரித்தாள். மகள் நிகழ்ச்சியில் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் போன் இல்லை. ஆடி முடிய ஒரு வாரம் இருந்தது. மைத்துனர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து போனார். பள்ளியில் கேட்கிறார்களாம்.

அந்த வாரக் கடைசியில் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையை வீட்டில் வைத்துவிட்டு நேரே தலைப்புக்கு வந்தாள். அப்பா என்றுகூடக் கூப்பிடவில்லை. மூன்றாவது ஷட்டர் மேல் ஏறி நின்று கீழே பார்த்தாள்.

"நுரைக்குதேப்பா," என்றாள்.

நுரைத்தது. ஷட்டரை ஒட்டியே குபுகுபு என்று கொதித்தது.

"கீழ மட்டம் ஏறிக் கெடக்கு," என்றேன். "ஏறிக் கெடந்தா ஒட்டிதான் கொதிக்கும்."

"அப்ப நான் வரைஞ்சதுல தப்பு இல்ல."

"ஒன் படத்துல எறங்கியில்ல கெடந்துச்சு. கரையில பதிச்ச கல்லு பாதி வெளில தெரிஞ்சுது."

போனை எடுத்துப் பார்த்தாள். கல் தெரிந்தது. போனைப் பையில் போட்டாள்.

"எறக்கிக் காட்டுங்க."

"ஆபீஸ்ல சொல்லாம ஒரு அங்குலம் தொட முடியாது."

"எப்ப சொல்லுவாங்க?"

"சொன்னா சொல்லுவாங்க."

உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறியது. மனைவி இரண்டு பேருக்கும் சோறு கொண்டுவந்தாள், அவளும் உட்கார்ந்தாள். மகள் ஸ்டூடியோ கதைகள் சொன்னாள். ஒரு பெண் மேஜையிலேயே தூங்கி, கன்னத்தில் பேனா அச்சோடு எழுந்தது, அது மாதிரி. துண்டு வரையச் சொல்லி யாரும் சொல்லவில்லையாம், தானாகப் போட்டாளாம். எடுக்கச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. மூன்று மணிக்கு மேல் ஆபீஸிலிருந்து போன் வந்தது. அடுத்த வாய்க்காலுக்கு முறை, இங்கே ஒன்றை மூடு, மூன்றை அரை அடிக்குக் கொண்டு வா என்றார்கள். ஒன்றை மூடினேன். மூன்றை இறக்கினேன். கீழே மட்டம் உடனே இறங்காது. ஐந்து மணி வாக்கில்தான் கல் தெரிய ஆரம்பித்தது. பிறகு கொதிப்பு மெல்ல ஷட்டரை விட்டுத் தள்ளிப் போனது. ஒரு முழம், இரண்டு முழம். ஷட்டருக்கு அடியிலிருந்து தண்ணீர் சுருக்கமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் கிடந்த செங்கல் அதற்குள் தெரிந்தது. நாலடி தள்ளிக் கொதித்தது.

மகள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மாமா நாளைக்கு வருவாரு," என்றாள் என் மனைவி. "பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்றது?"

"வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லும்மா."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அரை நிமிஷத்துல தப்புன்னுதானடி சொன்னாரு."

"தப்புன்னு அங்கேயும் சொல்றாங்க. ஏன் தப்புன்னு யாரும் சொன்னதில்ல." நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டாள். "தண்ணிதான் தப்பு. மத்தது சரின்னுருக்காரு. தண்ணியைக் கத்துக்கலாம்."

மனைவி தூக்கை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கண்ணுக்கு விளக்கெண்ணெய் வைக்க வேண்டும், இரண்டு நாளாவது இருந்துவிட்டுப் போ என்று சொல்லிக்கொண்டே போனாள். மகள் வருகிறேன் என்றாள். போகிற வழியில் நடு ஷட்டர் அருகே நின்று, சக்கரத்தில் கிடந்த துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"ஏம்பா, இதைத் தொவைக்கவே மாட்டீங்களா? நான் இவ்வளவு அழுக்கு போடல."

"அதுவும் தப்புதான்," என்றேன். "விட்டுட்டேன். அடுத்த தடவை சொல்றேன்."

அவள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா பின்னால் போனாள். நான் அளவுப் பலகையைப் பார்த்தேன். மேலே நாலடி ஐந்தங்குலம். கீழே ஒன்றேகால் அடி. ஆபீஸுக்குப் போன் போட்டேன்.